காலடி நிலத்தின் வெப்பம்: ஓர் ஊருக்கு எவ்வளவு கிடைக்கும்?

மார்கழி மாத விடியற்காலையில் கிணற்றிலிருந்து இறைத்த நீர் வெதுவெதுப்பாக இருப்பதையும், சித்திரை வெயிலில் அதே கிணற்று நீர் குளிர்ச்சியாக இருப்பதையும் நாம் எல்லோரும் அறிவோம். கிணற்றுக்குள் யாரும் அடுப்பு மூட்டுவதுமில்லை, பனிக்கட்டி கொட்டுவதுமில்லை. வெப்பமானி ஒன்றைக் கயிற்றில் கட்டி ஆழமான கிணற்றுக்குள் இறக்கிப் பாருங்கள். இரு மாதங்களிலும் அது காட்டும் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மாறுவது நீரன்று, வெளிக்காற்றும், அந்தக் காற்றுக்குப் பழகிப்போன நம் தோலும்தான்.

பாரிஸ் நகர வானாய்வுக் கூடத்தின் அடியில் சுமார் 28 மீட்டர் ஆழத்தில் நிலவறைகள் உண்டு. வேதியியல் மேதை லவாய்சியர் செய்துகொடுத்த வெப்பமானி ஒன்றை 1783-ஆம் ஆண்டில் அங்கே வைத்தார்கள். மேலே தெருவில் பனி உறைந்தாலும், கோடை வெயில் கொளுத்தினாலும், கீழே அது 12° செ.க்குச் சற்றுக் குறைவான ஓர் அளவிலேயே அசையாமல் நின்றது.

இதற்குக் காரணம் மண்ணின் மந்தம். கோடையின் வெப்பம் அலைபோல மண்ணுக்குள் இறங்குகிறது, இறங்க இறங்கத் தேய்கிறது, தாமதமும் ஆகிறது. சாதாரண ஈர மண்ணில் ஆண்டு வெப்ப அலையின் வீச்சு ஏறக்குறைய 3 மீட்டர் ஆழத்துக்கு ஒருமுறை முன்னிருந்ததில் 37 விழுக்காடாகக் குறையும். தரைமட்டத்தில் சராசரிக்கு மேலும் கீழுமாக 10° ஆடும் வெப்பநிலை, 10 மீட்டர் ஆழத்தில் அரை டிகிரிகூட ஆடுவதில்லை. வியப்பான மற்றொன்றும் உண்டு. அந்த ஆழத்துக்கு அலை போய்ச் சேர ஏறத்தாழ அரை ஆண்டு பிடிக்கிறது. ஆகவே மேலே கடுங்குளிர் நிலவும் நாளில்தான் கீழே கோடையின் உச்சம்! அதற்கும் கீழே ஆட்டமே இல்லை. அங்கே நிலவுவது அவ்வூர்க் காற்றின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை. ஓரிரு டிகிரி கூடுதலாக இருக்கலாம், அவ்வளவே.

இந்த மேலடுக்கு வெப்பத்தை எடுத்து வீடுகளைச் சூடேற்றுவது இன்று ஐரோப்பாவில் பரவலான தொழில். மணிகரணிலோ லடாக்கின் பூகாவிலோ கொதித்து எழும் வெந்நீர் ஊற்றுகளுடன் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை பூமியின் ஆழத்திலிருந்து வரும் வெப்பம். நாம் பேசப்போவது 100, 150 மீட்டர் ஆழத்துக்குட்பட்ட, கைக்குச் சூடென்றே படாத வெப்பம். ஜெர்மனியில் அது 10° செ.ஐ ஒட்டியிருக்கும்.

10° செ. உள்ள மண்ணைக் கொண்டு வீட்டை 20° செ.க்குச் சூடாக்குவதா என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் பின்புறத்தையோ பக்கச் சுவரையோ தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் குளிர்ந்த காய்கறியிலிருந்து வெப்பத்தை உறிஞ்சி, வெளியே உள்ள சூடான அறையில் அது கொட்டுகிறது. தாழ்விலிருந்து மேட்டுக்கு நீரை இறைக்கும் பம்பு போல, இது வெப்பத்தை இறைக்கும் பம்பு. காய்கறிக்குப் பதிலாக நிலத்தை வைத்தால் போதும். பின்னாளில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தாம்சன், இத்தகைய பொறியால் கட்டடங்களைச் சூடேற்றலாம், எரிபொருளை நேரே எரிப்பதைவிட இது சிக்கனம் என்று 1852-லேயே எழுதினார். இன்றைய நல்ல பம்பு ஒரு பங்கு மின்சாரத்தைச் செலவிட்டு, நிலத்திலிருந்து மூன்று பங்கு வெப்பத்தை எடுத்து, நான்கு பங்காக வீட்டுக்குத் தருகிறது.

நிலம் எல்லா இடத்திலும் இருக்கிறது. அதன் வெப்பநிலையும் நிலையாக இருக்கிறது. எனவே எங்கு வேண்டுமானாலும் துளையிட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். அப்படியன்று. ஓர் ஊரின் நிலம் இதற்கு ஏற்றதா என்று எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரே ஊர், மூன்று நிலங்கள்

இவ்வகை அளவீட்டுக்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. 1837-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்ற இயற்பியல் பேராசிரியர், நீண்ட தண்டு கொண்ட சாராய வெப்பமானிகளை மூன்று இடங்களில் புதைத்தார். கால்டன் குன்றில் எரிமலைப் பாறை. ஒரு தோட்டத்தில் மணல். கிரெய்க்லீத் கல்குவாரியில் மணற்கல். ஒவ்வோரிடத்திலும் 3, 6, 12, 24 பிரெஞ்சு அடி ஆழங்கள். 24 பிரெஞ்சு அடி என்பது நம் கணக்கில் 7.8 மீட்டர். கால்டன் குன்றில் அந்த ஆழத்துக்குக் கோடையின் உச்சம் போய்ச் சேர ஐந்து மாதங்களுக்கு மேலாகிறது. அதாவது ஊரார் புத்தாண்டு கொண்டாடும்போது அங்கே கோடை.

மூன்று இடங்களும் ஒரே நகரம். ஒரே வெயில், ஒரே மழை. ஆயினும் மூன்றும் வெவ்வேறாக நடந்துகொண்டன. மணற்கல்லில் வெப்பநிலை மாற்றம் பரவும் திறன் மற்ற இரண்டைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். இந்த அளவீடுகளை 1860-இல் பகுத்தாராய்ந்து, ஒவ்வொரு பாறையின் வெப்பக் கடத்துதிறனையும் கணக்கிட்டவர் வேறு யாருமல்லர். வெப்பப் பம்பை முன்மொழிந்த அதே தாம்சன்தான். இரண்டையும் அவர் ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. நாம் இணைத்துப் பார்க்கலாம்.

ஜெர்மனியில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கடுங்குளிரில் அதற்கு 8 கிலோவாட்டு வெப்பம் தேவை. இதில் 2 கிலோவாட்டு மின்சாரமாக வரும். எஞ்சிய 6 கிலோவாட்டை நிலம் தரவேண்டும். செங்குத்தான துளைக்குள் யூ வடிவப் பிளாஸ்டிக் குழாயை இறக்கி, உறையாத் திரவத்தைச் சுற்றவிட்டு வெப்பத்தை எடுக்கிறார்கள். துளையின் ஒவ்வொரு மீட்டரும் எவ்வளவு தரும்? ஆண்டுக்கு 1800 மணி நேரம் ஓடும் சிறிய அமைப்புகளுக்கென ஜெர்மன் பொறியாளர் சங்கம் 2001-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இதற்கு அளவுகள் உண்டு. உலர்ந்த மணல், சரளையில் மீட்டருக்கு 25 வாட்டுக்கும் குறைவு. ஈரக் களிமண்ணில் 35 முதல் 50. கருங்கல்லில் 65 முதல் 85. நீர் ஊறிய மணல், சரளையில் 65 முதல் 80 வாட்டு.

இனிக் கணக்கு எளிது. உலர் மணலில் 240 மீட்டர் துளை வேண்டும். களிமண்ணில் 150 மீட்டர் அளவில் போதும். நீர் ஊறிய சரளையானால் 80 மீட்டரில் வேலை முடிந்தது. துளையிடும் கூலி மீட்டர் கணக்கில்தான் என்பது ஆழ்துளைக் கிணறு போட்ட எவருக்கும் தெரியும். ஆகவே ஒரு வீட்டுக்காரருக்கு இலாபமாகும் திட்டம் அடுத்த தெருக்காரருக்கு நட்டமாகலாம்.

ஒரே மணல் உலர்ந்திருந்தால் கஞ்சன், நனைந்திருந்தால் வள்ளல். ஏன்? மணலில் உள்ள குவார்ட்சு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால் மணிகளுக்கிடையே காற்று இருந்தால் வழி அடைபட்டுவிடுகிறது. கம்பளிக்குள் சிக்கிய காற்று நம்மைக் காப்பதும் இதனால்தான். காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்தால், அதன் கடத்துதிறன் காற்றைப்போல் 20 மடங்குக்கும் மேல். அதனால் நிலத்தடி நீர் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்பது மதிப்பீட்டாளர் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று.

குதிரில் உள்ள நெல்

கடத்துதிறன் மட்டும் போதாது. எடுத்த வெப்பத்துக்கு ஈடு எங்கிருந்து வருகிறது? பூமியின் உள்ளிருந்து மேல்நோக்கி வரும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சுமார் 0.06 வாட்டுதான். 500 சதுர மீட்டர் மனைக்கு மொத்தம் 30 வாட்டு. இரண்டு மூன்று எல்.இ.டி. விளக்குகளுக்கு ஆகும். நமது வீடு கேட்டதோ 6000 வாட்டு. 'புவிவெப்பம் வற்றாத செல்வம்' என்று விளம்பரங்களில் படிக்கும்போது இந்த 30 வாட்டை நினைவில் கொள்வது நல்லது.

உண்மையில் நாம் எடுப்பது பெரும்பாலும் சேமிப்பு. குதிரில் உள்ள நெல். பாறை பல ஆயிரம் டன் எடையுள்ளது, அதனால் சேமிப்பும் பெரிது. ஆனால் அள்ளிக்கொண்டே இருந்தால் துளையைச் சுற்றி ஆண்டுக்காண்டு குளிர் கூடும். கோடையில் மேலிருந்து இறங்கும் வெயிலின் வெப்பமும், சுற்றுப்புற நிலத்திலிருந்து வரும் வெப்பமும் ஓரளவு நிரப்பும். நிலத்தடி நீர் ஓடிக்கொண்டிருந்தால் அது புதிய வெப்பத்தைக் கொண்டுவரும். இவையன்றி வீட்டுக்காரரே நிரப்பலாம்: கோடையில் வீட்டைக் குளிர்வித்து, அந்த வெப்பத்தை அதே துளைக்குள் அனுப்பலாம். ஸ்டாக்ஹோமின் ஆர்லாண்டா விமான நிலையம் 2009 முதல் இதைப் பெரிய அளவில் செய்துவருகிறது. அங்கே பனியாறு விட்டுச்சென்ற சரளை மேடு ஒன்றில் நிலத்தடி நீர் உள்ளது. குளிர்காலத்துக் குளிரை அதில் சேமித்துக் கோடையில் கட்டடங்களைக் குளிர்விக்கிறார்கள். கோடையின் வெப்பத்தைச் சேமித்துக் குளிர்காலத்தில் விமானங்கள் நிற்கும் இடத்துப் பனியை உருக்குகிறார்கள்.

அருகருகே உள்ள துளைகள் ஒரே குதிரில் கைவிடுகின்றன என்பதும் இதனால் விளங்கும். ஒரு வீட்டுக்குப் போதுமான நிலம், தெருவிலுள்ள எல்லா வீடுகளும் துளையிட்டால் போதாமற் போகும். ஒரு வட்டாரத்தின் வளத்தை ஒரு துளையின் வளத்தால் பெருக்கிச் சொல்வது தவறு.

துளையையே கேட்டல்

வரைபடத்தில் 'மணற்கல்' என்று எழுதியிருந்தால் அதன் கடத்துதிறன் 2-ஆகவும் இருக்கலாம், 4-ஆகவும் இருக்கலாம். ஓரிரண்டு வீடுகளுக்கு அட்டவணை போதும். மருத்துவமனை, பள்ளி என்று பெரிதாகக் கட்டும்போது நிலத்தையே கேட்டுவிடுவதுதான் முறை. ஸ்வீடன் நாட்டு மோகன்சென் என்பவர் 1983-இல் முன்மொழிந்த இச்சோதனை, 1990-களின் நடுவில் வண்டியில் ஏற்றிச் செல்லத்தக்க கருவியாயிற்று.

சோதனை மிக எளிது. 100 மீட்டர்த் துளைக்குள் திரவத்தைச் சுற்றவிட்டு, மேலே ஒரு மின்சூடேற்றியால் 6000 வாட்டு வெப்பத்தைத் தொடர்ந்து ஊட்ட வேண்டும். இரண்டு, மூன்று நாள் அதன் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே வரவேண்டும். முதலில் வேகமாக ஏறும், பிறகு மெதுவாகும். தொடக்கச் சில மணி நேரத்தைத் தள்ளிவிட்டால் ஓர் அழகான ஒழுங்கு தெரியும். 12-ஆம் மணியிலிருந்து 24-ஆம் மணிக்குள் எத்தனை டிகிரி ஏறியதோ, அத்தனையே 24-இலிருந்து 48-க்குள்ளும் ஏறும். காலம் இரட்டிக்கும்தோறும் ஏற்றம் சமம். மடக்கை படித்த மாணவர்கள் இதை உடனே கண்டுகொள்வார்கள். நன்கு கடத்தும் பாறையில் இந்த ஏற்றம் சிறிது. கடத்தாத பாறையில் பெரிது. மேற்சொன்ன துளையில் ஒவ்வோர் இரட்டிப்புக்கும் 1.4° ஏறினால், கடத்துதிறன் மீட்டர்-டிகிரிக்கு 2.4 வாட்டு என்று வரும். இதுவே 2.8° ஏறினால் கடத்துதிறன் பாதி. கண்ணுக்குத் தெரியாத நூறு மீட்டர்ப் பாறையின் தன்மை, ஒரு வெப்பமானியின் மெதுவான ஏற்றத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. வகுப்பறையில் சொல்லித்தர இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஆனால் இந்தச் சோதனை சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அதை ஒரு சிற்றூர் பெரும் விலை கொடுத்து உலகுக்குக் கற்பித்தது.

ஸ்டௌஃபெனில் நடந்தது

ஜெர்மனியின் தென்மேற்கில், கருங்காட்டு மலைகளின் அடிவாரத்தில் உள்ள பழைய ஊர் ஸ்டௌஃபென். சாத்தானுடன் ஒப்பந்தம் செய்துகொண்டதாகச் சொல்லப்படும் டாக்டர் ஃபாஸ்ட் உயிர்விட்ட இடம் என்று கதை வழங்கும் ஊர் இது. 2007-இல் அங்கே பழைமையான நகர மன்றக் கட்டடத்தைப் புதுப்பித்தார்கள். அதைச் சூடேற்றவும் குளிர்விக்கவும், பின்புறத்தில் 140 மீட்டர் ஆழத்தில் ஏழு துளைகளை இட்டார்கள். நோக்கம் நல்லது. வெப்பக் கணக்கில் குறையொன்றுமில்லை.

சில வாரங்களில் சுவர்களில் கீறல் கண்டது. பிறகு அடுத்த வீடுகளில். பிறகு அடுத்த தெருவில். ஊரின் நடுப்பகுதி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வீதம் மேலே எழும்பிக்கொண்டிருந்தது! ஆண்டுகள் செல்ல, சில இடங்களில் அரை மீட்டருக்கு மேல் எழுந்துவிட்டது. 250-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் பழுதடைந்தன. நகர மன்றமும் தப்பவில்லை. நூற்றாண்டுகளாக நின்ற வீடுகளின் விரிசல்கள்மீது, ஊர் உடைந்துவிடக் கூடாது என்று பொருள்படும் சிவப்பு ஒட்டுத்தாள்களை மக்கள் ஒட்டினார்கள்.

காரணம் நமக்குப் பழக்கமான ஒரு பொருள்தான். நிலக்கடலைக்கு இடும் ஜிப்சம் நீங்கள் அறிந்ததே. அது கால்சியம் சல்பேட்டும் நீரும் சேர்ந்த உப்பு. நீர் இல்லாத கால்சியம் சல்பேட்டுக்கு அன்ஹைட்ரைட்டு என்று பெயர். ஸ்டௌஃபெனின் அடியில் அன்ஹைட்ரைட்டு கொண்ட பாறையடுக்கு உலர்ந்த நிலையில் கிடந்தது. அதற்குக் கீழே அழுத்தத்தில் அடைபட்ட நீர். துளைகள் இரண்டையும் ஊடுருவிவிட்டன. குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சிமெண்டுக் குழம்பால் இறுக அடைப்பது வழக்கம். அந்த அடைப்பு நீரைத் தடுத்து நிறுத்தவில்லை. நீர் மேலேறி அன்ஹைட்ரைட்டைத் தொட்டது. நீரை ஏற்ற அன்ஹைட்ரைட்டு ஜிப்சமாக மாறும். மாறும்போது கன அளவு சுமார் 60 விழுக்காடு பெருக்கும். பக்கவாட்டில் இடமில்லாத பாறை மேல்நோக்கி உப்பியது. வாளியில் ஊறவைத்த அரிசி அல்ல இது. ஊரையே தூக்கும் விசையுள்ள உப்பல்.

பின்னர் துளைகளை மறுபடியும் அடைத்தார்கள். தனிக் கிணறுகள் இட்டு, நீரைத் தொடர்ந்து இறைத்து மட்டத்தைத் தாழ்த்தினார்கள். எழும் வேகம் வெகுவாகக் குறைந்தது. மாறிய பாறையை முன்னிருந்தபடி மாற்ற வழியில்லை.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது, மேலடுக்குப் புவிவெப்பமே ஆபத்தானது என்பதன்று. ஐரோப்பாவில் இலட்சக்கணக்கான துளைகள் எவருக்கும் தொல்லையின்றி வேலை செய்கின்றன. ஸ்வீடனின் கருங்கற் பாறையில், துளையை அடைக்காமல் நிலத்தடி நீரையே நிரம்பவிடுவதுதான் வழக்கம். அங்கே உப்புவதற்கு எதுவுமில்லை. ஒரு நாட்டில் நல்ல வழக்கமாக உள்ளது மற்றொரு நாட்டில் ஓர் ஊரைப் பிளக்கும். 'இங்கே எவ்வளவு வெப்பம் கிடைக்கும்' என்ற கேள்விக்கு முன்னால், 'இங்கே துளையிட்டால் பாறையும் நீரும் என்ன செய்யும்' என்ற கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். முதற் கேள்வி இயற்பியலுடையது, இரண்டாவது நிலவியலுடையது. இயற்பியல் ஆசிரியனாகிய நான் இவ்வரிசையை மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்டௌஃபென் அமைந்துள்ள பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தின் நிலவியல் துறை, தன் வட்டாரம் முழுவதற்கும் தகவல் வரைபடம் வைத்திருக்கிறது. எங்கே ஜிப்சம் அடுக்கு வரும், எங்கே நீர் அழுத்தத்தில் உள்ளது, எங்கே சுண்ணாம்புக் குகைகள் குறுக்கிடும், எந்த இடம் குடிநீர்க் காப்புப் பகுதி, எத்தனை மீட்டருக்கு மேல் துளைக்கக் கூடாது என்பன போன்ற செய்திகள் அதில் உண்டு. துளையிடும்போது முதல் ஜிப்சம் தென்பட்டவுடன் நிறுத்திவிட வேண்டும் என்ற விதியும் அங்கே வந்தது. துளையிலிருந்து மேலே வரும் பாறைத் தூளை அவ்வப்போது எடுத்துப் பார்ப்பவர் இல்லாமல் இந்த விதியால் பயனில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நம் நிலம்

நம் ஊரில் இது ஆகுமா என்ற கேள்வி எழுவது இயல்பு. தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினமான கருங்கல், நைஸ் வகைப் பாறைகளால் ஆனது. கடத்துதிறன் நன்று, பெரும்பாலும் உப்பும் அடுக்குகள் இல்லை, ஆழ்துளை இடும் வண்டிகளுக்கோ பஞ்சமே இல்லை. ஆனால் ஒத்துவராதது வெப்பநிலை. சென்னையில் காற்றின் ஆண்டுச் சராசரி 29° செ. அளவு. நிலமும் அப்படியே இருக்கும். நமக்கு வீட்டைச் சூடேற்றும் வேலையே கிடையாது, வேண்டியது குளிர்ச்சி. குளிர்சாதனப் பொறி கொட்டும் வெப்பத்தை 38° காற்றில் விடாமல் 30° நிலத்தில் விட்டால், பகலில் ஓரளவு மின்சாரம் மிச்சமாகும் என்பது உண்மைதான். இரவில் காற்றும் நிலமும் ஏறத்தாழ ஒன்றே. அப்போது மிச்சம் ஒன்றுமில்லை.

பெரிய இடையூறு வேறு. இங்கே வெப்பம் ஒரே திசையில்தான் போகும். திருப்பி எடுக்கக் குளிர்காலம் இல்லை. எட்டு மாதங்களுக்குச் சராசரியாக ஒரு கிலோவாட்டு வெப்பத்தை 100 மீட்டர்த் துளையில் விடுவதாகக் கொள்வோம். துளையைச் சுற்றி 3 மீட்டர் வரையுள்ள பாறையில் அது தங்கிவிட்டால், ஓராண்டில் அப்பாறை 3° சூடாகும். தனி வீட்டில் ஒரு பகுதி வெளியே கசிந்துவிடும். அடுக்கடுக்காகக் குடியிருப்புகள் நிற்கும் இடத்தில் கசிவதற்கு இடமேது? கிடைத்த 8° அனுகூலம் சில ஆண்டுகளில் கரைந்துபோகும்.

உதகமண்டலத்தின் நிலை வேறு. அங்கே ஆண்டுச் சராசரி 15° செ.ஐ ஒட்டியது, இரவில் அறைகளைச் சூடேற்றும் தேவையும் ஆண்டின் பல மாதங்களில் உண்டு. தங்கும் விடுதி, மருத்துவமனை போன்றவற்றுக்கு வெந்நீர் தரவும் அறைகளைச் சூடேற்றவும் அங்கே கணக்குப் போட்டுப் பார்ப்பதில் பொருளிருக்கிறது. சமவெளியில் பார்ப்பதானால், ஆற்றுப் படுகைகளின் நீரோட்டமுள்ள மணலில்தான் பார்க்க வேண்டும். ஓடும் நீர் வெப்பத்தை அடித்துச் சென்றுவிடும் என்பதால் பாறை சூடேறும் தொல்லை அங்கே குறைவு. அப்படிப்பட்ட இடத்தில் முதலில் அளக்க வேண்டியது வெப்பநிலையை அன்று. நிலத்தடி நீர் நாளொன்றுக்கு எத்தனை சென்டிமீட்டர் நகர்கிறது, அந்த நீரைக் கீழே குடிப்பவர்கள் யார் என்பவற்றைத்தான்.